குற்றாலத்தில் புல்லும் கோரையும் சேகரித்த டாக்டர் ராபர்ட் வைட்



தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் பக்கத்து விவசாயிகள் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. விடுதிக்காரர்கள் மா, பலா, தென்னை நிழலில் தோட்டம் போடச் செடி கேட்கிறார்கள். வெயிலில் செழிக்கும் செடிகளை வைத்தால் இரண்டு மாதத்தில் வெளிறிப் போகின்றன. நிழலில் நிற்கும் அழகுப் புல், கோரை வகைகள் இருக்கின்றனவா? அவற்றை நம் தோப்பிலேயே வளர்த்து விற்க முடியுமா? இதுதான் கேள்வி.

இருக்கின்றன, முடியும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன் இதே குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டு செடி சேகரித்தவர் அவர். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் விவசாயப் பண்ணை நடத்திப் பெரிய சிக்கலிலும் மாட்டிக்கொண்டவர். அவருக்கு நடந்தது தெரிந்தால், நிழலில் எதை நடுவது, எதைத் தொடக் கூடாது என்பது உங்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

மருத்துவம் படித்தவர், செடி தேடியவர்

ராபர்ட் வைட் 1796 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பெரிய குடும்பம். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1818-ல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து மருத்துவப் படிப்பில் தாவரவியலும் கட்டாயம் உண்டு, ஏனென்றால் மருந்து பெரும்பாலும் செடியிலிருந்துதான் வந்தது. நம் ஊர் வைத்தியருக்கு மூலிகை தெரிந்திருப்பது போலத்தான்.

1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். வேலை என்னவோ சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது. ஆனால் படை போகிற ஊரிலெல்லாம் செடிகளைப் பறித்து, தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, காயவைத்துச் சேர்க்க ஆரம்பித்தார். தான் மட்டும் அலையவில்லை. உள்ளூர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக் காட்டுக்கு அனுப்பினார். எந்தச் செடி எந்த ஓடைக்கரையில் எப்போது பூக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே! அவர்களில் பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

1826-ல் அவரைக் கம்பெனி சென்னையில் இயற்கையியலாளர் பதவியில் அமர்த்தியது. செடி தேடுவதற்கே சம்பளம்! தென்னாட்டைச் சுற்றி நீண்ட பயணம் போனார். ஆனால் சந்தோஷம் இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1828-ல் புதிய ஆளுநர் லஷிங்டன் காலத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சேகரித்த செடிகளும் கையை விட்டுப் போயின. வைட்டை நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சலித்துப்போய் விட்டிருப்பார்கள். இவர் நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டே சொந்தச் செலவில் மறுபடி சேகரிக்கத் தொடங்கினார். ஓவியர் ரங்கையா அவருக்குச் செடிகளை வரைந்து கொடுத்தார். தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்த ஓவியர் என்று சொல்லப்படும் அவரது கையில், ஒரு இலை நரம்புகூடத் தவறாது. அந்த ஓவியங்களை வைட் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சேறின.

கோரைக்கும் ஓர் இடம்

1831-ல் மூன்று ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போனார். கையோடு கொண்டு போனது என்ன தெரியுமா? காய்ந்த செடிகள், சுமார் 2 டன். அவற்றை வகை பிரித்துப் பெயர் சூட்டுவது ஒருவரால் ஆகிற காரியமல்ல. நண்பர் வாக்கர் ஆர்னாட்டோடு சேர்ந்து, தென்னிந்தியச் செடிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்றின் முதல் தொகுதியை 1834-ல் வெளியிட்டார். இரண்டாம் தொகுதி கடைசி வரை வரவே இல்லை.

அதே 1834-ல் இன்னொரு சிறு புத்தகமும் வந்தது. நம் விஷயத்துக்கு அதுதான் முக்கியம். அதில் வைட் சேகரித்த கோரைக் குடும்பச் செடிகளை ஆராய்ந்து எழுதியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ். அன்றைய பிரெஸ்லாவ் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தமிழ்நாட்டு வரப்பிலும் ஓடையிலும் கிடந்த கோரை எங்கோ ஐரோப்பாவின் நடுவில் ஒருவர் மேசைக்குப் போய், தண்டு தண்டாக, விதை விதையாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது.

கோரைக்கு இவ்வளவு மரியாதையா என்று நீங்கள் சிரிக்கலாம். நம் மனதில் கோரை என்றால் களை. களைவெட்டு கூலி. ஆனால் கோரை ஒன்று அல்ல. உலகத்தில் கோரைக் குடும்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் பத்தமடைப் பாய் கோரையில்தான் நெய்யப்படுகிறது. வயலில் நம்மைப் படுத்துகிற கோரைக்கிழங்கும் அதே குடும்பம். காட்டு ஓடை ஓரத்தில் மர நிழலில் கத்தையாக வளைந்து நிற்கும் அழகான செடிகள் பலவும் அதே குடும்பம். ஒரு குடும்பத்தில் நல்லவனும் பொல்லாதவனும் இருப்பதில்லையா!

புல் எது, கோரை எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. பூக்காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் வழுக்கி உருளும், தண்டில் கணு இருக்கும். கோரையில் பெரும்பாலானவை மூன்று பட்டையாக விரலில் தட்டும், அந்தக் காம்பில் கணு தெரியாது. மேலிருந்து பார்த்தால் புல்லின் இலைகள் இரண்டு வரிசையில் போகும், கோரையில் மூன்று வரிசை. இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

குற்றாலச் சாரலில்

1834-ல் வைட் திரும்பி வந்தபோது மறுபடி படை மருத்துவர் வேலைதான் கிடைத்தது. பெல்லாரியில் சேர்ந்தார். அங்கிருந்து அவரது படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. ரயில் இல்லாத காலம். படையோடு கிளம்பி வழியெல்லாம் செடி பறித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். படையில் அவரைப் பார்த்து எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்களோ!

பாளையங்கோட்டைக்கு வந்தது அவருக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். குற்றாலம் பக்கத்தில்தானே. 1835, 1836 ஆண்டுகளில் குற்றாலம் என்று ஊர்ப் பெயர் எழுதிய அவரது செடி மாதிரிகள் இன்றும் வெளிநாட்டுத் தாவரக் காப்பகங்களில் இருக்கின்றன. அப்போது குற்றாலம் வெள்ளைக்கார அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்கும் இடம். கம்பெனி அதற்கு முன்பே இங்கே ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டம் போட்டிருந்தது. வெளிநாட்டு வாசனைப் பயிர்கள் குற்றால மலையடிவாரத்துக்கு ஒத்து வந்தன, ஏனென்றால் அவையும் மழைக்காட்டு நிழலில் பிறந்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பருத்தி பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

குற்றாலத்தில் வைட்டுக்கு என்ன கிடைத்தது? பெரிய மரம் முதல் தரையில் ஒட்டிய செடி வரை எல்லாமே. நம் மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே சாரல் விழுகிறது. அதே நாட்களில் கிழக்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிச் சங்கரன்கோவில் பக்கம் புழுதி பறக்கிறது. அங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பருவம். குற்றாலத்து அடர்ந்த மர நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் நிழல் விரும்பும் புல், கோரை வகைகள் வாழ்கின்றன. ஐந்தருவி, பழைய குற்றாலம் போகும் வழியில் ஓடை ஓரம் நின்று பாருங்கள். வெயில் தேவையில்லாத கோரைக் கத்தைகள் பாறை இடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

1836-ல் வைட்டின் வேலை மாறியது. படை மருத்துவத்திலிருந்து எடுத்து வருவாய்த் துறையில் போட்டார்கள். பருத்தி, புகையிலை, நிலாவாரை (நம் பக்கம் அவுரி என்றே சொல்கிறோம்) போன்ற பயிர்களைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுப்பது பணி. இன்று நான் செய்கிற வேலைக்கு அவர் ஒருவகையில் முன்னோடி. அதே ஆண்டில் பழனி மலைக்கும் ஏறிப் போய்ச் செடிகளைப் பதிவு செய்தார்.

1838 முதல் தன் பெரிய புத்தக வரிசைகளை வெளியிட ஆரம்பித்தார். படத்தோடு கூடிய புத்தகம். கல்லச்சில் படம் அச்சிடும் வேலை, சென்னை வெயிலிலும் ஈரத்திலும். ரங்கையாவுக்குப் பின் கோவிந்து என்ற ஓவியர் தொடர்ந்தார். 1853 வரை வந்த ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். கோவிந்துவின் பெயரை ஒரு ஆர்க்கிட் செடி இனத்துக்கே வைட் சூட்டினார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் உள்ளூர் ஓவியரின் பெயரைச் செடிக்கு வைப்பது அன்று சாதாரண விஷயம் இல்லை.

வைட் பெயரிலும் செடிகள் நிறைய. குக்குலு மரத்தின் அறிவியல் பெயரிலும், நம் மலைகளில் வளரும் நீரடிமுத்து மரத்தின் அறிவியல் பெயரிலும் அவர் இருக்கிறார்.

பருத்தியில் பட்ட பாடு

இனி கசப்பான பகுதி.

இங்கிலாந்து ஆலைகளுக்கு நீள இழைப் பருத்தி வேண்டியிருந்தது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கம்பெனி நினைத்தது. அமெரிக்காவிலிருந்து பருத்தி விதையையும், பருத்தி விளைவித்துப் பழகிய ஆட்கள் சிலரையும் வரவழைத்தது. 1842-ல் கோயம்புத்தூரில் சோதனைப் பண்ணையின் பொறுப்பு வைட்டிடம் வந்தது. பதினோரு ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார்.

அவருக்கு நம்பிக்கை இருந்தது. சில வயல்களில் சில வருடங்களில் நன்றாகவே விளைந்தது. ஆனால் நம் விவசாயிகள் அதைப் பெரிய அளவில் கையில் எடுக்கவில்லை. கோயம்புத்தூர்க் கரிசலில் உப்பம் பருத்தி பழகியது, நாடம் பருத்தி பழகியது. மழை தவறினாலும் ஏதோ வீட்டுக்கு வரும். அமெரிக்கப் பருத்தி வேறு நாட்டு மழைக்குப் பிறந்தது. நம் வடகிழக்குப் பருவமழைக்கு எப்போது விதைத்தால் சரிப்படும் என்பதே பெரிய வாக்குவாதமாகப் போனது. பண்ணை மூடப்பட்டபோது சோதனை தோற்றது என்றே பலர் எழுதினார்கள். அத்தனை செடியை அறிந்த மனிதருக்கு இது எவ்வளவு வலித்திருக்கும்!

அமெரிக்க வகை அடியோடு இங்கே வராது என்பதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து வந்த, அதே இனத்தைச் சேர்ந்த பருத்தி நம் மண்ணில் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர் அதன்மேல் வளர்ந்தது என்றே சொல்லலாம். அது இங்கே வருவதற்கு முன் நம்மைப் போன்ற வெப்பநாட்டில் பழகியிருந்தது. பாசன வசதியோடு சேர்ந்து அது நிலைத்தது.

வைட்டைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அதே தவறைச் செய்தவன்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் குற்றாலம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு யோசனை கேட்டார்கள். படத்தில் பார்க்க அழகாக, செந்நிறத்தில் நரி வால் போலக் கதிர் விடும் அலங்காரப் புல் ஒன்றைப் பரிந்துரைத்தேன். அதை வெளியூரிலிருந்து நாற்று வாங்கிப் பெருக்கித் தந்தவர் இலஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர். மாமரத்தடியில் நட்டார்கள். முதல் மாதம் பச்சையாக இருந்தது. அப்புறம் தண்டு நீண்டு சாய்ந்தது. நிறம் வெளுத்தது. ஒரு கதிர்கூட வரவில்லை. சாரல் தொடங்கியதும் அடியிலேயே அழுகிவிட்டது. அந்தப் புல் வறண்ட நாட்டுப் புல், முழு வெயில் கேட்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். படத்தின் அழகில் இடத்தை மறந்துவிட்டேன்.

பணம் வரவில்லை. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. தோப்புக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். தென்னை நிழலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோரைக் கத்தை, யாரும் நீர் ஊற்றாமல், யாரும் உரம் வைக்காமல் தளதளவென்று நின்றது. அதைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று முதல் யாராவது நிழலுக்குச் செடி கேட்டால், முதலில் அவர்கள் தோப்பு ஓரத்தைச் சுற்றிப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை.

வைட் 1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே வீடும் நிலமும் வாங்கிக் குடியேறினார். அங்கேயும் விவசாயம்தான். 34 ஆண்டு உழைப்பில் சேர்த்த செடிகளைக் கடைசிக் காலத்தில் கியூ தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். 1872 மே 26 அன்று இறந்தார். குற்றாலத்தில் எந்த மரம், எந்தக் கொடி, எந்தப் புல் அந்தக் காலத்தில் இருந்தது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அவரது தாள்களைத்தான். பருத்தியை மறந்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம்

முதலில் உங்கள் நிழல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். தென்னந்தோப்பு நிழலில் வெயில் சல்லடை போட்டது போல விழும். மா, பலாவடியில் இருள் கட்டியிருக்கும். வீட்டுக்கு வடபுறம் சுவர் நிழல். இந்த மூன்றுக்கும் ஒரே செடி சரிப்படாது. நண்பகலில் வெள்ளைத் தாளை நிலத்தில் வைத்து மேலே கையை நீட்டுங்கள். கை நிழல் ஓரளவு தெளிவாக விழுந்தால் மிதமான நிழல். நிழலே தெரியாவிட்டால் அடர்ந்த நிழல்.

அருகம்புல், கொரியன் புல் இரண்டையும் மரத்தடியில் போடாதீர்கள். இரண்டும் வெயில் பிரியர்கள். தரை மூட வேண்டுமானால், நர்சரிகளில் பஃபலோ புல் என்று விற்கும் அகன்ற இலைப் புல் மிதமான நிழலில் பிடிக்கும். கரணையாக வெட்டி அரை அடி இடைவெளியில் ஊன்றினால், ஈரம் இருந்தால் நான்கைந்து மாதத்தில் தரை மூடிவிடும். அடர்ந்த நிழலில் அதுவும் மெலிந்துவிடும்.

மலையடிவாரத் தோப்புகளில் இன்னொரு புல் தானாகவே இருக்கும். இலை குட்டையாக, விளிம்பு அலை அலையாக, தரையோடு படரும். விதைக்காலத்தில் அந்த வழியாக நடந்தால் வேட்டியில் பசை போல ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த புல்தான், பெயர்தான் யாரும் வைக்கவில்லை. மாமரத்து அடர்ந்த நிழலிலும் பச்சை மாறாது. கணுவோடு கிள்ளி நட்டால் வேர் விடும். இதன் வெள்ளைக் கோடு போட்ட வகையைத் தொங்கு தொட்டியில் வைத்து விற்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள், விதை ஒட்டுகிறது என்று விடுதிக்காரர் புகார் சொல்வார்.

கோரையில் விற்பனைக்கு எளியது குடைக்கோரை. தண்டு உச்சியில் குடைக்கம்பி போல இலைகள் விரிந்து நிற்கும். பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றாலும் ஈரமும் மிதமான நிழலும் இருந்தால் இங்கே நன்றாக வருகிறது. கத்தையைப் பிரித்து நடலாம். இன்னொரு வழி வேடிக்கையானது. உச்சிக் குடையை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, இலை நுனியைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக மிதக்க விடுங்கள். சில வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். எடுத்துப் பையில் நட வேண்டியதுதான். ஆனால் வாய்க்கால், குளம், சிற்றாற்றின் கரையில் இதை வைக்காதீர்கள். நீரோடு போய்ப் பரவிவிடும். தொட்டியில் வைத்து விற்பதே முறை.

மோண்டோ புல் என்று விற்பது உண்மையில் புல் அல்ல. ஆனாலும் நடைபாதை ஓரத்துக்கு, அடர்ந்த நிழலுக்கு அதைவிடப் பொறுமையான செடி குறைவு. வளர்ச்சி மெதுவாக இருக்கும். அதனால் விலையும் நிற்கும்.

கோரைக்கிழங்கு வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஒரு செய்தி உங்களுக்குத் தெம்பு தரும்: வயல் கோரைக்கிழங்குக்கு நிழல் ஆகாது. தோப்பில் நிழல் அடர அடர அது மெலியும். வில்லங்கம் பைக்கு நிரப்பும் மண்ணில்தான் இருக்கிறது. வயல் மண்ணை எடுக்காதீர்கள். எந்தக் கோரையை வாங்கினாலும் வேரை உதறிப் பாருங்கள். நூல் போன்ற வேரில் கறுத்த கிழங்கு கோத்திருந்தால் அந்தச் செடியைத் தோப்புக்குள்ளேயே விடாதீர்கள்.

குற்றால மலையில் பார்க்கும் கோரைகளைத் தோண்டி வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அது காப்புக்காடு, செடி எடுப்பது குற்றம். வைட் காலத்துச் சட்டம் வேறு, இன்று வேறு. உங்கள் சொந்தத் தோப்பு, சொந்த வரப்பில் உள்ளதைப் பெருக்குங்கள். ஐந்தருவி அருகே தோட்டக்கலைத்துறையின் சுற்றுச்சூழல் பூங்காவுக்கு ஒரு முறை போய், மரத்தடியில் எந்தச் செடி எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அரை நாள் செலவாகும், ஆயிரம் படத்தைவிடப் பயன்.

பைக்கு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் வேண்டாம், வேர் கருகும். தென்னைக்கு அடியில் சுற்றிலும் ஆறடிக்குள் எதையும் நடாதீர்கள், அது மரத்துக்கு உரம் வைக்கும் இடம். மரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் பாத்தி போடுங்கள், பைகளையும் அங்கேயே அடுக்குங்கள். உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் இலை நுனி காயும், மழைநீர் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. சாரல் நாட்களில் நத்தை இரவில் குருத்தைத் தின்னும். ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் விரித்துவிட்டுக் காலையில் புரட்டினால் அடியில் கூட்டமாக இருக்கும், பொறுக்கி அழித்துவிடலாம்.

முதல் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கில் போடாதீர்கள். வகைக்கு 50 பை போதும். விடுதிக்காரரிடம் பேசி, அவர் தோட்டத்திலேயே பத்துச் செடியை இலவசமாக நட்டு, ஒரு சாரலும் ஒரு கோடையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அவரே கேட்டு வருவார். தாண்டாவிட்டால் உங்களுக்குப் பத்துப் பைதான் நஷ்டம்.

கத்தை பிரித்து நடும் காலம் ஊருக்கு ஊர் மாறும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்தவர்கள் ஆனி மாதம் முதல் சாரல் நின்று பெய்த பிறகு பிரியுங்கள். சங்கரன்கோவில் பக்கத்தவர்கள் அதே நாளில் பிரித்தால் காற்றில் காய்ந்துவிடும், ஐப்பசி மழை இறங்கும் வரை பொறுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் மூன்று, நான்கு குருத்தாவது இருக்கட்டும்.